எஸ்தரின் ஆறுக்கு ஆறு கட்டம்

விழுப்புரம் சந்திப்பில் நான் இறங்கியபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. தை மாதப் பனி தண்டவாளங்களை விழுங்கியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த களைப்பும், கப்பலில் தொடங்கிய தலைச்சுற்றலும் இன்னும் விடவில்லை. நடைமேடையே லேசாக ஆடுவது போலிருந்தது. இரண்டாம் உலக யுத்தம் இன்னும் வராத காலம் அது. ஒரு பெண் தனியாகக் கடல் கடந்து போவதைப் பார்த்தவர்கள் வியந்தார்களே தவிர, யாரும் தடுக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. திண்டிவனத்தில் இருந்த என் சிநேகிதி எஸ்தரும் அங்கே ஒரு மிஷன் பள்ளியில் கணக்குத்தான் கற்பித்தாள். சென்னையில் இருவரும் ஒரே வகுப்பில், ஒரே விடுதி அறையில் படித்தவர்கள். அவளிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தபாலில் சொல்ல முயன்றேன். எழுத எழுத, வரிகள் மரணச் செய்தி போலாகிவிட்டன. கடைசியில் வருகிறேன் என்று மட்டும் எழுதிவிட்டு, நேரிலேயே சொல்வதென்று புறப்பட்டுவிட்டேன்.

சிற்றுண்டிச் சாலையில் இட்டலியும் காப்பியும். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதிக்குப் பழகிய நாக்குக்கு அந்த சாம்பார் சுருக்கென்று இருந்தது. பரிமாறியவர் இலை போடுமுன் என்னை மேலும் கீழும் பார்த்து, "அம்மா எந்த ஆளுங்க?" என்று கேட்டார். எங்கள் ஊரிலும் இதைக் கேட்பார்கள், வேறு சொற்களில். "வாத்தியார் ஆக்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு இலையைப் போட்டார்.

வெளியே வந்து ஒரு போர்ட்டரிடம், "திண்டிவனம் போற கோச்சி எது?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் ரயிலைக் கோச்சி என்போம்.

"கொச்சிக்கா? கொச்சிக்கு இங்கேர்ந்து நேர் வண்டி ஏதும்மா!" என்றார் அவர். பிறகு இரக்கத்தோடு பனிக்குள் ஒரு திசையைக் காட்டினார். அங்கே ஒரு வண்டி புகைந்துகொண்டு நின்றது. ஏறி, சன்னலோரம் சாய்ந்தேன். அது நகர்ந்ததும் தூங்கிப்போனேன்.

எதிரே இருந்த கணவன் மனைவியின் பேச்சுத்தான் என்னை எழுப்பியது. பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் நான் அரைகுறையாகக் கற்ற மொழி. "பாவம், சுங்கக்காரன் இந்தப் பெண்ணின் பெட்டியைக் கிளறிவிடுவான்" என்றாள் மனைவி. "அதற்குள் விழித்துக்கொள்வாள்" என்றார் கணவர். சுங்கம் எதற்கு என்று யோசித்தபோதுதான் உறைத்தது. நான் புதுச்சேரி வண்டியில் இருந்தேன்! அடுத்து நின்ற வளவனூரில் பெட்டியோடு குதித்து இறங்கினேன்.

திரும்பிப் போக அடுத்த வண்டி மத்தியானம்தானாம். ஸ்டேஷனுக்கு வெளியே விழுப்புரம் சந்தைக்கு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா போவணும்?" என்றார் வண்டிக்காரர்.

"விழுப்புரத்துக்கு."

"அப்ப ஏறிக்கங்க. மூட்ட மேல குந்திக்கங்க, ஒண்ணும் ஆவாது."

"மூட்டையில என்ன?"

"மல்லாட்டைங்க." நான் விழிப்பதைப் பார்த்து ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினார். வேர்க்கடலை.

"ஓ, கச்சான்!"

"கச்சானா? இன்னாம்மா அது, ஆளு பேரு மாதிரி கீது?"

எங்கள் ஊரில் அது ஒரு காற்றின் பெயரும்கூட என்று சொன்னேன். அவர் அந்தச் சொல்லை மாடுகளிடம் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மூட்டைகளின் மேல் சாய்ந்தபடி போன அந்தக் காலைப்பொழுதை இன்றும் மறக்கவில்லை. கரும்புத் தோட்டங்கள் பனியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கோலியனூர் அருகே எங்கோ வெல்லம் காய்ச்சினார்கள். வாசனை சாலையின் குறுக்கே படுத்துக் கிடந்தது. கிணறும் பனையுமாக வளர்ந்த எனக்கு, வானத்தையே தரையில் ஊற்றி வைத்தது போன்ற அந்த ஏரிகள் நம்ப முடியாதவையாக இருந்தன. கண்ணை மூடினால் நீர் தெரிந்தது. திறந்தாலும் நீர். எது கனவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. சொல்ல வந்த செய்தியைக்கூடச் சற்று நேரம் மறந்திருந்தேன்.

விழுப்புரத்திலிருந்து பேருந்து. வழியில் கூட்டேரிப்பட்டில் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் வாளியோடு குளத்துக்குப் போனார். கண்டக்டர் பயணிகளைப் பார்த்து, "யாரும் பேஜார் பண்ணாதீங்க, ஜல்தியா கெளம்பிடலாம்" என்றார். ஜல்தி என்பது அங்கே ஒரு புளியமர நிழல் முழுவதும் சாலையைக் கடக்கும் நேரம். எஸ்தரின் முகவரியை அவரிடம் சொல்லி வழி கேட்டேன். "அந்தத் தெருவா? அங்க உங்களுக்கு யாரும்மா?" என்றார். சிநேகிதி என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. இறங்கும்போது பெட்டியை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

எஸ்தர் வாசலில் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரை எட்டிப் பார்த்தது.

"வந்துட்டியாடி பரமு!" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "காலைலேர்ந்து வர்ற வண்டி எல்லாத்தையும் பாத்துக்கினு இருக்கேன். எங்க போய் தொலைஞ்ச?"

"பிரெஞ்சு தேசம் வரைக்கும் போட்டு வாறன்" என்றேன்.

பள்ளிக்குப் பின்புறம் இருந்த சின்ன ஓட்டு வீட்டில் அவளும் அவள் அம்மா சலோமியும் இருந்தார்கள். சலோமி அம்மாள் தன் இளமையெல்லாம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். மகள் எம்.ஏ. படித்து வந்த பிறகும், வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மறுத்து, பள்ளித் தோட்டத்தில் வேலை பார்த்தார். எனக்குக் களியும் கீரையும் எடுத்து வைத்தார்.

"கேப்பைக் களிம்மா. உங்க ஊர்ல துன்னுவீங்களா?"

"குரக்கன் எண்டு சொல்லுவம். புட்டு அவிப்பம்."

"கேப்பையில புட்டா?" என்று அவர் மகளைப் பார்த்தார், நான் பொய் சொல்லவில்லையே என்று உறுதிசெய்துகொள்வதைப் போல.

சாப்பிடும்போதே எஸ்தர் தன் செய்திகளைச் சொல்லிவிட்டாள். விழுப்புரத்தில் புதிதாகத் தொடங்கும் பெண்கள் பள்ளிக்கு அவளைத் தலைமை ஆசிரியையாகப் போகச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் துரைசாணி அம்மாளிடம் பதில் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிகளையெல்லாம் மேற்பார்வை செய்தவர் அந்த வெள்ளைக்கார அம்மாள்.

"வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள் எஸ்தர். "மெட்ராஸ்ல ப்ரொபசர் என் கணக்கு வேலையப் படிச்சிப் பாக்க ஒத்துக்கினாரு. அது புதுசா இருந்தா ஆராய்ச்சிக்கு எடுத்துக்குறேன்னாரு. பரமு, முடிச்சிட்டேன்டி. கடைசிப் படியும் முடிஞ்சிடுச்சி."

நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் பள்ளிக்குப் போனாள், நான் ஊரைச் சுற்றினேன். பெரிய சாலையின் இருபுறமும் புளியமரங்கள். ஊரின் பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்றார் ஒரு கடைக்காரர். மரத்தடியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பலவாறாகக் கோத்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. வெயில் இலைகளின் வழியே பொடிப்பொடியாக உதிர்ந்தது. சாலையில் போனவர்களின் குரல்கள் எங்கோ தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டன.

மாலையில் எஸ்தர் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். நீர் வற்றிய ஓரத்தில் வண்டல் மழமழவென்று இருந்தது. அவள் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு குந்தினாள்.

அவளுடைய கணக்கை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓர் அட்டையில் மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தை வெட்டி எடுத்தால், அதை அதே ஓட்டையில் திரும்ப வைக்க ஆறு வழிகள் உண்டு. மூன்று, சுழற்றி வைப்பவை. மூன்று, கவிழ்த்து வைப்பவை. ஒன்றைச் செய்து, அதன்மேல் இன்னொன்றைச் செய்தால், கிடைப்பதும் அந்த ஆறில் ஒன்றாகவே இருக்கும். எதோடு எது சேர்ந்தால் எது வரும் என்று எழுதினால், ஆறுக்கு ஆறு கட்டம் ஒன்று உண்டாகும். ஆறே எழுத்துகள் வரிசைக்கு வரிசை இடம் மாறி நிற்கும். இப்படிப்பட்ட எண் கட்டங்களைத் தமிழகத்தில் இப்போது அணி என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தாயம் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அது மேட்ரிக்ஸ்தான்.

இந்தப் பெரிய கட்டத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக உடைக்க முடியுமா என்பதே கேள்வி. அளக்கும் திசைகளைச் சாமர்த்தியமாக மாற்றினால், பெரும்பாலான இடங்கள் பூச்சியமாகி, குறுக்கே சில பெட்டிகள் மட்டும் எஞ்சும். சுழற்சிகள் மட்டும் இருந்தால் எல்லாமே தனித்தனி எண்களாக உதிர்ந்துவிடும். கவிழ்ப்பு வந்து சேர்ந்ததும், இரண்டுக்கு இரண்டாக ஒரு பெட்டி, அதுவும் இரட்டைப் பிள்ளை போல இரண்டு தடவை, உடையாமல் நிற்கும். விடுதி அறையில் எத்தனையோ மாலைகள் அதை உடைக்கப் பார்த்திருக்கிறோம். எங்களுக்குத்தான் வழி தெரியவில்லை என்று நினைத்தோம்.

எஸ்தர் வண்டலில் முழுக் கட்டத்தையும் போட்டாள். பிறகு புறங்கையால் ஒவ்வொரு பகுதியாக அழித்துப் பூச்சியங்களை எழுதினாள்.

"நம்ம மேல தப்பில்லடி. அது உடையவே உடையாது" என்றாள். "தனித்தனி நம்பரா உதிர்ந்துச்சின்னு வையி, பெருக்குறப்ப எது முன்ன, எது பின்னன்னு ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒண்ணுதான். ஆனா முக்கோணத்தத் திருப்பிட்டு கவுக்குறது வேற, கவுத்துட்டு திருப்புறது வேற. அந்த வித்தியாசம் எங்கனா குடியிருக்கணும் இல்ல? அது குடியிருக்கிற வீடுதான் இந்த ரெண்டு பெட்டியும்."

நாலு பக்கம், ஐந்து பக்கம், எத்தனை பக்கமுள்ள உருவமானாலும் ஒன்று, இரண்டு என்ற அளவுப் பெட்டிகளே போதும் என்பதையும் அவள் நிறுவியிருந்தாள். வெளிச்சம் மஞ்சளாகி, நீரிலிருந்து கொக்குகள் எழுந்து போயின. அவள் கை அசைய அசைய, எண்கள் தாமாக விலகி வழி விட்டன. எனக்கு முடிவு தெரிந்திருந்தும், அவள் அதை அடைந்த விதத்தைப் பார்த்து உடல் சிலிர்த்தது.

அவள் நிமிர்ந்து, "எப்டி?" என்றாள்.

இனியும் தள்ளிப்போட முடியாது.

"எடி எஸ்தர், நீ செய்தது முழுக்கச் சரி" என்றேன். "ஆனா இது முன்னமே செய்யப்பட்டிருக்கு. கொழும்பில ஒரு புத்தகத்தில பார்த்தனான். ஒரு ஜெர்மன்காரர். நாங்கள் பிறக்க முந்தியே செய்திட்டார்."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"முக்கோணத்துக்கா?"

"எல்லாத்துக்கும். பலகோணம் மட்டுமில்லை. இப்பிடிச் சேர்ந்து இயங்கிற எந்தக் கூட்டத்துக்கும்."

ஏரி நீர் மெல்ல இருண்டது. அவள் எழுந்து, நீரில் கைகளைக் கழுவிக்கொண்டு, "போலாம், பனி எறங்குது" என்றாள். வழியெங்கும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

சனிக்கிழமை அவள் படுக்கையை விட்டு எழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். சலோமி அம்மாள் கஞ்சிக் குவளையை வைத்துவிட்டுப் போவதும், அது ஆறிய பிறகு எடுத்துப் போவதுமாக இருந்தார். கடைசியில் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா சொன்ன எம் பொண்ணுகிட்ட?"

எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொன்னேன். அவள் கண்டுபிடித்ததை வேறொருவர் முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அதச் சொல்றதுக்கா கப்பலேறி வந்த?"

உண்மையில் அதற்காகத்தான் வந்திருந்தேன். சென்னையில் யாரோ ஒருவர் மேசைக்குப் பின்னாலிருந்து சொல்லி அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த அடுப்படியில் அது போதுமான காரணமாகத் தெரியவில்லை. கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தேன். தும்பிகள் பறந்தன. அடுத்த வீட்டில் யாரோ ஜெபம் சொல்வது விட்டுவிட்டுக் கேட்டது. கண்ணை மூடினால் கப்பல் ஆடியது. வராமலே இருந்திருக்கலாமோ என்று அந்த ஆட்டத்துக்குள் ஒரு நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் பின்கதவு திறந்தது. எஸ்தர் கலைந்த தலையோடு நின்றாள்.

"பரமு, அந்த ஜெர்மன்காரரு கணக்குல ரெண்டுக்கு மேல பெரிய பெட்டி வருதா?"

"ஓம், வருது. எதில எண்டால்..."

"சொல்லாத!" கையை நீட்டித் தடுத்தாள். "சொன்னின்னா கொன்னுடுவேன்."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஸ்லேட்டில் பலப்பம் கீறும் ஓசை கேட்கத் தொடங்கியது. சலோமி அம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

விளக்கேற்றும் நேரத்துக்கு எஸ்தர் வெளியே வந்தாள். வந்ததும் கஞ்சியைக் கேட்டு வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"முக்கோணத்த வுட்டுட்டேன்" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "நாலு பேரு வரிசையா குந்தியிருக்காங்க. எடம் மாறி மாறி குந்துறாங்க, எப்டி வேணும்னாலும். ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு நம்பர். எப்டி மாறினாலும் மொத்தக் கூட்டுத்தொகை மாறாது. அது ஒரு பெட்டி, ஒண்ணோட பெட்டி. மிச்சம் மூணு. அத ரெண்டும் ஒண்ணுமா உடைக்கலாம்னு பாத்தேன். நாலு பேரும் விடல. ஒரு எடத்துல உடைச்சா இன்னொருத்தன் வந்து குழப்புறான். மூணு மூணாவே நிக்குது. சரியா?"

"சரி."

"அப்ப பெட்டி எவ்ளோ பெருசா வேணும்னாலும் வரும் இல்ல? அஞ்சு பேருன்னா நாலு..." அவள் கண்கள் என்னைத் தாண்டி எங்கோ போயிருந்தன. ஏரிக்கரையில் இருந்த எஸ்தர் ஒரு கதவை மூடிவிட்டு வந்தவள். இவள், அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டைக் கண்டவள்.

ஞாயிறு ஆராதனைக்கு நானும் போனேன். சைவப் பெண்ணான எனக்குப் பாட்டுகள் புதியவை, ராகங்கள் தெரிந்தவை. முடிந்ததும் எஸ்தர் துரைசாணி அம்மாளோடு மரத்தடிக்குப் போனாள். நான் ஒதுங்கி நின்றாலும் அந்த அம்மாளின் ஆங்கிலம் காற்றில் வந்தது.

"ஆனால் தையல் இல்லாமல் ஒரு பெண்கள் பள்ளியா?"

எஸ்தர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

"பாதி நேரம் என்பது அதிகம். அந்தப் பெண்கள் அல்ஜீப்ராவை வைத்து என்ன செய்வார்கள்?"

மறுபடியும் எஸ்தர். இம்முறை நீண்ட நேரம். கடைசியில் துரைசாணி அம்மாள் குடையை விரித்து, "சரி, ஒரு வருடம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எஸ்தர் விவரம் சொன்னாள். தலைமை ஆசிரியை வேலையை ஒத்துக்கொண்டாள். தையல் நேரத்தில் பாதி அல்ஜீப்ராவுக்கு.

"அப்ப உன்ர ஆராய்ச்சி?" என்றேன்.

"அது எங்க போவுது? விழுப்புரம் ஜங்ஷன்டி. எந்நேரமும் வண்டி. சனிக்கிழமை மெட்ராஸ் போய் லைப்ரரில குந்திட்டு வருவேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பட்டம் போனது வலிக்குதுதான். இல்லன்னு சொன்னா பொய். அம்மாவ மெட்ராஸ்ல ஒரு மெத்தை வீட்ல வெக்கணும்னு நெனச்சிருந்தேன்."

நான் அவள் தோளைப் பற்றிக்கொண்டேன். இருவரும் அப்படியே நடந்தோம்.

வண்டி வந்தது. இந்த முறை அவளே ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுச் சரியான பெட்டியில் என்னை ஏற்றினாள். சலோமி அம்மாள் கொடுத்தனுப்பிய வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என்னமோ நினைவு வந்தவளாய்க் கேட்டாள்.

"பரமு, அவரு உயிரோட இருக்காரா? அந்த ஜெர்மன்காரரு?"

"இல்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில படிக்கேக்கையே செத்துப்போனார்."

விசில் ஊதியது. அவள் கை கம்பியிலிருந்து நழுவியது. உறவில் ஒரு சாவுச் செய்தி கேட்டவளைப் போல அவள் முகம் மாறிப்போயிற்று.

"ஐயோ" என்றாள். "இருந்திருந்தா எவ்ளோ பேசியிருக்கலாம்."